சுகர் வந்தவருக்கு மாத்திரை மட்டும் போதுமா? நோயாளிகளை வகுப்பில் உட்கார வைத்த டாக்டர் ஜாஸ்லினின் கதை

ஆபீஸில் வருடாந்திர மெடிக்கல் செக்கப். ரிப்போர்ட் மொபைலுக்கு வருகிறது. எச்பிஏ1சி என்ற வரிக்குப் பக்கத்தில் சிவப்பு நிறத்தில் ஓர் எண். டாக்டரைப் பார்க்கப் போகிறீர்கள். டைப் 2 சர்க்கரை நோய் என்கிறார். ஒரு மாத்திரை எழுதுகிறார், அரிசியைக் குறைக்கச் சொல்கிறார், நடக்கச் சொல்கிறார், மூன்று மாதம் கழித்து வரச் சொல்கிறார். எல்லாம் சேர்த்து ஐந்து நிமிஷம். வெளியே வந்து கூகுளைத் திறந்தால் பாகற்காய் ஜூஸிலிருந்து பட்டினி டயட் வரைக்கும் ஆயிரம் பேர் ஆயிரம் விதமாகச் சொல்கிறார்கள்.

நம்மில் பலர் சுகரோடு பழக ஆரம்பிப்பது இப்படித்தான். சில நாடுகளில் இதற்கு அடுத்து இன்னொரு படி இருக்கிறது. பிரிட்டனில் டைப் 2 என்று தெரிந்தவர்களை ஒரு பயிற்சி வகுப்புக்கு வரச் சொல்கிறார்கள். சுகர் உடம்பில் என்ன செய்கிறது, எந்தச் சாப்பாடு அதை எவ்வளவு ஏற்றும், காலை எப்படிப் பார்த்துக்கொள்வது என்று அங்கே உட்கார்ந்து கற்றுக்கொள்கிறார்கள். மாத்திரை மாதிரியே அந்த வகுப்பும் சிகிச்சையில் ஒரு பகுதி.

நோயாளி படிக்க வேண்டும் என்ற இந்த யோசனைக்கு நூறு வயதுக்கு மேல் ஆகிறது. அதற்காக வாழ்நாள் முழுக்கப் பாடுபட்டவர் அமெரிக்காவின் பாஸ்டன் நகரத்து டாக்டர் எலியட் ப்ராக்டர் ஜாஸ்லின். அவர் யார், எதற்காக இதில் இவ்வளவு பிடிவாதமாக இருந்தார், அவர் சொன்னதில் எது சரி, எது தப்பு? பார்க்கலாம்.

யார் இந்த ஜாஸ்லின்?

1869 ஜூன் 6-ல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் உள்ள ஆக்ஸ்ஃபோர்டு என்ற சிற்றூரில் பிறந்தார். இங்கிலாந்தில் இருக்கும் பல்கலைக்கழக நகரம் வேறு, இது வேறு. அப்பா ஷூ தொழிற்சாலை நடத்தியவர். வசதியான குடும்பம். யேல் கல்லூரியில் 1890-ல் பட்டம் வாங்கினார். ஹார்வர்டு மருத்துவக் கல்லூரியில் 1895-ல் டாக்டர் ஆனார்.

ஹார்வர்டில் மாணவராக இருந்தபோதே, 1893-ல், சர்க்கரை நோய் வந்த ஓர் இளம்பெண்ணைப் பார்த்தார். அவரைப் பற்றிய விவரங்களை ஒரு பேரேட்டில் எழுதி வைத்தார். அந்தப் பேரேட்டின் முதல் பதிவு அதுதான். அதன் பிறகு தன்னிடம் வந்த ஒவ்வொரு சர்க்கரை நோயாளியின் கதையையும் அதில் சேர்த்துக்கொண்டே போனார். என்ன வயது, என்ன எடை, என்ன சாப்பிட்டார், சிகிச்சை எப்படிப் போனது, எத்தனை வருஷம் வாழ்ந்தார், எதனால் இறந்தார் என்று எல்லாமே கணக்கு. அவர் சாகும்வரை இந்தப் பழக்கம் நிற்கவில்லை. பின்னாளில் அவர் என்ன வாதம் செய்தாலும் அதற்கு அடியில் இந்தக் கணக்கு இருந்தது.

1898-ல் பாஸ்டனில் சொந்தமாக வைத்தியம் பார்க்கத் தொடங்கினார். அமெரிக்காவில் சர்க்கரை நோய்க்கென்றே தன் தொழிலை ஒதுக்கிய முதல் டாக்டர் என்று அவரைச் சொல்வார்கள்.

எட்டாவது நோயாளி: அம்மா

அந்தக் காலத்தில் சுகர் என்றால் என்ன நிலைமை என்று முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். இன்சுலின் கிடையாது. மாத்திரை கிடையாது. சின்னப் பிள்ளைகளுக்கும் இளைஞர்களுக்கும் வந்தால் சில மாதங்களிலோ, ஓரிரு வருஷங்களிலோ உயிர் போய்விடும். வயதானவர்களுக்கு வந்தால் கொஞ்சம் மெதுவாகப் போகும். கால் அழுகும், கண் மங்கும், ஆனால் வருஷங்கள் கிடைக்கும். இன்று நாம் டைப் 1, டைப் 2 என்று பிரிப்பது அன்று யாருக்கும் தெரியாது. இன்சுலினுக்கு உடம்பு நன்றாக இணங்குகிறவர்கள், சரியாக இணங்காதவர்கள் என்று இரண்டு வகை இருப்பதை லண்டன் ஆராய்ச்சியாளர் ஹரால்டு ஹிம்ஸ்வொர்த் எடுத்துக்காட்டியதே 1936-ல்தான்.

1899-ல் ஜாஸ்லினின் அம்மாவுக்குச் சர்க்கரை நோய் என்று தெரியவந்தது. அவருடைய அத்தை ஒருவருக்கும் இந்த நோய் இருந்தது. இப்போது சொந்த அம்மா. பேரேட்டில் அவர் எட்டாவது பதிவு. மற்ற நோயாளிகளைப் போலவே அம்மாவுக்கும் எண் போட்டு எழுதினார். சாப்பாட்டை அளந்து கொடுப்பது, மாவுச்சத்தைக் குறைப்பது, தினமும் நடக்க வைப்பது. அன்று கையில் இருந்த வழி இவ்வளவுதான்.

அம்மா அதன் பிறகும் பல ஆண்டுகள் வாழ்ந்தார். இன்றைய பெயரில் சொன்னால் அவருக்கு வந்தது டைப் 2 ஆக இருந்திருக்கலாம். அதனால் ஆயுள் கூடியதில் நோயின் இயல்புக்கும் பங்கு இருக்கும். ஆனால் மகன் அதில் வேறொரு விஷயத்தைப் பார்த்தார். டாக்டர் வாரத்தில் ஒருநாள் வந்து பார்க்கலாம். தட்டில் என்ன விழுகிறது என்பதை ஒரு நாளைக்கு மூன்று முறை முடிவு செய்வது நோயாளிதான். அந்த முடிவை எடுக்க அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும் இல்லையா?

பட்டினி, தராசு, பெனடிக்ட் கரைசல்

1910-களின் நடுவில் ஃபிரடெரிக் ஆலன் என்ற அமெரிக்க ஆராய்ச்சியாளர் கடுமையான ஒரு வைத்தியத்தைக் கொண்டுவந்தார். சிறுநீரில் சர்க்கரை மறையும்வரை நோயாளியைப் பட்டினி போடுவது, அதன் பிறகு எவ்வளவு குறைவாகக் கொடுக்க முடியுமோ அவ்வளவு குறைவாகச் சாப்பாடு கொடுப்பது. ஜாஸ்லின் இதை ஏற்றுக்கொண்டார். மாவுச்சத்து போவதற்காகக் காய்கறியை மூன்று தடவை தண்ணீர் மாற்றி வேகவைத்துக் கொடுத்தார்கள். சத்து எல்லாம் தண்ணீரோடு போக, சக்கை மட்டும்தான் மிஞ்சும். வயிறு நிறைந்த மாதிரி இருக்கும், அவ்வளவுதான்.

இது கொடுமையான வைத்தியம்தான். இளம் நோயாளிகள் எலும்பும் தோலுமாக ஆனார்கள். சிலர் சுகரால் சாகாமல் பசியால் செத்தார்கள். ஆனால் பலருக்குச் சில மாதங்களோ சில வருஷங்களோ கூடுதலாகக் கிடைத்தன. அந்த வருஷங்கள் எதற்கு உதவின என்பதைக் கொஞ்ச நேரத்தில் பார்ப்போம்.

இந்த வைத்தியத்தை ஆஸ்பத்திரியில் வைத்து மட்டும் செய்ய முடியாது. வீட்டுக்குப் போன பிறகும் தொடர வேண்டும். அதனால் நோயாளிக்கு மூன்று வேலைகளைக் கற்றுக்கொடுக்க வேண்டியிருந்தது. ஒன்று, சமையலறைத் தராசில் சாப்பாட்டை எடை போடுவது. இரண்டு, எந்த உணவில் எவ்வளவு மாவுச்சத்து, புரதம், கொழுப்பு என்று கணக்கிடுவது. மூன்று, சிறுநீரைத் தானே சோதித்துப் பார்ப்பது.

மூன்றாவது வேலை நமக்கும் தெரிந்ததுதான். பள்ளிக்கூட லேபில் பெனடிக்ட் கரைசல் ஞாபகம் இருக்கிறதா? நீல நிறக் கரைசலைச் சர்க்கரையோடு சூடாக்கினால் பச்சை, மஞ்சள், ஆரஞ்சு, செங்கல் சிவப்பு என்று மாறும். அதே சோதனையைத்தான் அன்றைய நோயாளிகள் வீட்டில் ஒரு சோதனைக் குழாயை வைத்துக்கொண்டு செய்தார்கள். நீலமாகவே இருந்தால் நிம்மதி. சிவப்பானால் நேற்றுச் சாப்பிட்டதைத் திரும்ப யோசிக்க வேண்டும். இன்றைய குளுக்கோமீட்டருக்கு அதுதான் தாத்தா.

1916-ல் ஜாஸ்லின் சர்க்கரை நோய் சிகிச்சை பற்றி டாக்டர்களுக்காகப் பெரிய பாடநூல் ஒன்றை வெளியிட்டார். பேரேட்டில் சேர்ந்த ஆயிரம் நோயாளிகளின் அனுபவம்தான் அதற்கு அடிப்படை. இரண்டு வருஷம் கழித்து, 1918-ல், இன்னொரு புத்தகம். இது சின்னது, ஆனால் அந்தக் காலத்துக்குப் புதுசு. டாக்டரும் நோயாளியும் சேர்ந்து பயன்படுத்துவதற்கான கையேடு என்று அட்டையிலேயே போட்டார். வைத்தியம் பற்றிய விஷயத்தை நோயாளிக்கு விளக்கிச் சொல்வதே வழக்கமில்லாத நாட்களில், அவர் கையில் புத்தகத்தையே கொடுத்தார். அவர் காலத்திலேயே அது பல பதிப்புகள் கண்டது.

மூன்று வீடுகளின் கதை

1921-ல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழில் ஜாஸ்லின் ஒரு கட்டுரை எழுதினார். சர்க்கரை நோயைத் தடுப்பது பற்றியது. அமைதியான ஒரு கிராமத்துத் தெருவில் அடுத்தடுத்து மூன்று வீடுகள் இருந்தன என்று அதில் விவரிக்கிறார். அந்த வீடுகளில் அடுத்தடுத்து வாழ்ந்த குடும்பத் தலைவர்கள், தலைவிகள் மொத்தம் ஏழு பேர். ஒருவரைத் தவிர மற்ற ஆறு பேரும் சர்க்கரை நோயால் இறந்தார்கள்.

இதே ஆறு பேர் டைஃபாய்டிலோ காசநோயிலோ செத்திருந்தால் சுகாதாரத் துறையே அந்தத் தெருவில் வந்து நின்றிருக்கும், காரணத்தைத் தேடியிருக்கும் என்பது அவருடைய ஆதங்கம். சுகர் என்பதால் யாரும் கண்டுகொள்ளவில்லை. தொற்றுநோய்க்குக் காட்டும் அக்கறையை இதற்கும் காட்ட வேண்டும், முக்கியமாக உடல் எடை கூடுவதைக் கவனிக்க வேண்டும் என்று வாதிட்டார். இதை ஒருவர் நூறு வருஷத்துக்கு முன்னாலேயே எழுதிவிட்டார் என்பதுதான் ஆச்சரியம்.

இன்சுலின் வந்ததும் என்ன ஆச்சு?

அதே 1921-ல் கனடாவின் டொரான்டோவில் ஃபிரடெரிக் பான்டிங், சார்லஸ் பெஸ்ட் இருவரும் கணையத்திலிருந்து இன்சுலினைப் பிரித்தெடுத்தார்கள். ஜான் மெக்லியாடின் பரிசோதனைக்கூடத்தில் நடந்த வேலை அது. மருந்தைச் சுத்தப்படுத்தியவர் ஜேம்ஸ் காலிப். 1922 ஜனவரியில் முதன்முதலாக ஒரு சிறுவனுக்கு ஊசி போட்டார்கள்.

ஜாஸ்லினுக்கு அந்த மருந்து கிடைத்தது 1922 ஆகஸ்டில். முதலில் போட்டது ஒரு நர்ஸுக்கு. அவரும் அவருடைய நோயாளிதான். சுமார் ஐந்து வருஷம் பட்டினிப் பத்தியத்தில் இருந்து, எடை 31 கிலோ அளவுக்கு இறங்கி, வீட்டை விட்டு வெளியே வரவே தெம்பில்லாமல் இருந்தவர். ஊசி போட்டுச் சில வாரங்களிலேயே தினமும் மைல் கணக்கில் நடக்க ஆரம்பித்தார். அதன் பிறகு சுமார் 25 வருஷம் வாழ்ந்தார். பட்டினியால் கிடைத்த கூடுதல் காலத்தின் மதிப்பு இதுதான். இன்சுலின் வரும்வரை அவரைப் போன்ற சிலரால் தாக்குப்பிடிக்க முடிந்தது.

மருந்து வந்துவிட்டது, இனி பத்தியமும் பாடமும் எதற்கு என்று பலர் நினைத்தார்கள். ஜாஸ்லின் நேர் எதிராக நினைத்தார். இன்சுலின் வந்த பிறகுதான் நோயாளிக்குப் படிப்பு இன்னும் அதிகம் தேவை என்றார். காரணம் எளிது. ஊசியின் அளவு கூடினால் சர்க்கரை தாறுமாறாக இறங்கி மயக்கம் வரும், உயிரே போகலாம். குறைந்தால் சர்க்கரை ஏறி கோமாவில் கொண்டுபோய் விடும். சாப்பாட்டுக்கும் நடைக்கும் தகுந்த மாதிரி அளவை மாற்றத் தெரிய வேண்டும். இதை ஒவ்வொரு வேளையும் டாக்டர் வந்து செய்ய முடியாது.

உணவு, இன்சுலின், உடற்பயிற்சி மூன்றையும் ஒரு தேரில் பூட்டிய மூன்று குதிரைகளுக்கு ஒப்பிட்டார். ஒரு குதிரை மட்டும் ஓடினால் தேர் கவிழும். மூன்றையும் ஒரே சீராக ஓட்டக் கற்றுக்கொள்ள வேண்டியவர் தேரில் உட்கார்ந்திருக்கும் நோயாளி.

வீடு தேடி வந்த நர்ஸுகள்

பாடம் சொல்லிக்கொடுக்க டாக்டர்கள் போதாது என்பது அவருக்குச் சீக்கிரமே புரிந்துவிட்டது. அதனால் நர்ஸுகளுக்குப் பயிற்சி கொடுத்தார். அவர்கள் நோயாளிகளின் வீடுகளுக்கே போனார்கள். அடுப்படியில் நின்று எடை போடச் சொல்லிக்கொடுத்தார்கள். அம்மாக்களுக்கு ஊசி போடக் கற்றுக்கொடுத்தார்கள். ஊர் ஊராகப் போனதால் சுற்றித்திரியும் நர்ஸுகள் என்ற பொருளில் ஒரு செல்லப்பெயரும் வந்தது. சர்க்கரை நோய்க் கல்வியாளர் என்று இன்று தனியாக ஒரு தொழிலே இருக்கிறது. அமெரிக்காவில் 1986-ல் அதற்கு முதல் சான்றிதழ்த் தேர்வு நடந்தது. அந்தத் தொழிலுக்கு முன்னோடிகள் இந்த நர்ஸுகள்தான்.

1924-ல் அவரோடு வேலைக்குச் சேர்ந்தார் பிரிசில்லா வைட் என்ற இளம் பெண் டாக்டர். சர்க்கரை நோய் உள்ள பெண்கள் கர்ப்பமானால் தாய், குழந்தை இரண்டு உயிருக்கும் ஆபத்து என்று இருந்த காலம் அது. அந்தப் பெண்களுக்கான சிகிச்சையில் அவர் உலக அளவில் பெயர் எடுத்தார்.

1934-ல் பாஸ்டனின் நியூ இங்கிலாந்து டீக்கனஸ் ஆஸ்பத்திரியில் ஜார்ஜ் எஃப். பேக்கர் பெயரில் ஒரு கிளினிக் திறந்தார்கள். அங்கே படுக்கையில் கிடப்பவர்களும் மாணவர்கள்தான். தினமும் வகுப்பு. சுகர் என்றால் என்ன, சிறுநீரை எப்படிச் சோதிப்பது, ஊசியை எங்கே போடுவது, நகத்தை எப்படி வெட்டுவது என்று பாடத்திட்டம் போகும். ஒரே நோய் உள்ள நாலு பேர் பக்கத்தில் உட்கார்ந்து கேட்கும்போது தனக்கு மட்டும் வந்துவிட்டதே என்ற நினைப்பும் குறையும். 1950-களின் நடுவில் இதை இன்னொரு படி கொண்டுபோனார். படுக்கை சிகிச்சை தேவைப்படாதவர்கள் சில நாட்கள் தங்கிப் படித்துவிட்டுப் போவதற்கென்றே தனியாக ஒரு பிரிவு.

குழந்தைகளுக்குக் கோடை முகாம்கள். செஞ்சிலுவைச் சங்கத்தை அமெரிக்காவில் நிறுவிய கிளாரா பார்ட்டனும் அதே ஆக்ஸ்ஃபோர்டில் பிறந்தவர். அவர் பிறந்த வீடு இருந்த இடத்தில் 1932-ல் சர்க்கரை நோய் உள்ள சிறுமிகளுக்கான முகாம் தொடங்கியது. அதற்கு ஜாஸ்லின் துணை நின்றார். பையன்களுக்கான முகாம் 1948-ல் பக்கத்து ஊரான சார்ல்டனில் வந்தது. நீந்துவார்கள், விளையாடுவார்கள், நடுவில் வரிசையில் நின்று ஊசியும் போட்டுக்கொள்வார்கள்.

ஷூ கம்பெனிக்காரர் மகனும் நோயாளிகளின் கால்களும்

சுகர் உள்ளவர்களுக்குக் கால் புண் எவ்வளவு ஆபத்து என்று நம் வீட்டுப் பெரியவர்களைப் பார்த்திருப்பீர்கள். நரம்பு மரத்துப்போகும், வலி தெரியாது. சின்னக் கொப்புளம் புண்ணாகி, புண் அழுகி, கடைசியில் காலை எடுக்க வேண்டிவரும். ஜாஸ்லின் காலத்தில் இதை விதி என்று விட்டுவிட்டார்கள். அவர் ஒப்புக்கொள்ளவில்லை. காலைத் தினமும் கழுவித் துடைத்து, விரல் இடுக்கு வரைக்கும் பார்த்து, பொருத்தமான செருப்பு ஷூ போட்டால் பெரும்பாலான கால்களைக் காப்பாற்றலாம் என்று 1934-ல் எழுதினார்.

நகமும் தோலும் பார்க்கத் தனியாக ஆள் போட்டு, நோயாளிகளின் கால்களுக்கென்றே ஓர் அழகு நிலையம் மாதிரி ஏற்பாடு செய்தார்கள். கேட்க வேடிக்கையாக இருக்கும். ஆனால் வெறும் நகவெட்டியும் சோப்பும் கத்தியைத் தள்ளிப்போட்டன. இன்றைக்கும் டைப் 2 வகுப்புகளில் கால் பராமரிப்புக்குத் தனிப் பாடம் இருக்கிறது.

சொந்த ஊரையே சோதித்தபோது

1946-47-ல் அமெரிக்கப் பொதுச் சுகாதாரத் துறை ஓர் ஊரை எடுத்துக்கொண்டு, அங்கே எத்தனை பேருக்குச் சர்க்கரை நோய் இருக்கிறது என்று சோதித்தது. தேர்ந்தெடுத்த ஊர் ஜாஸ்லின் பிறந்த ஆக்ஸ்ஃபோர்டு. ஊரில் கிட்டத்தட்ட 5,000 பேர். 3,516 பேரைச் சோதித்தார்கள். 70 பேருக்கு நோய் இருந்தது. அதில் 40 பேருக்கு முன்பே தெரியும். மீதி 30 பேருக்கு அன்றுவரை தெரியாது.

அதாவது, தெரிந்த நாலு பேருக்குத் தெரியாத மூன்று பேர். மருத்துவ உலகத்தை இந்தக் கணக்கு உலுக்கியது. டைப் 2 எந்த வலியும் காட்டாமல் வருஷக்கணக்கில் உள்ளே இருக்கும் என்பதற்கு ஓர் ஊரே சாட்சியாக நின்றது. செக்கப்பில் தற்செயலாகத் தெரியவந்தது என்று இன்று பலர் சொல்வதும் இதே கதைதான்.

மெடலும் குற்ற உணர்ச்சியும்

இதுவரை படித்தால் ஜாஸ்லின் எல்லாவற்றிலும் சரியாக இருந்தவர் போலத் தெரியும். அப்படி இல்லை.

இன்சுலினுக்கு முன்பு அவருடைய நோயாளிகளின் மரணங்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு கோமாவால் வந்தவை. பிறகு அது மிகச் சில சதவீதமாகச் சுருங்கியது. ஆனால் நீண்ட நாள் வாழ்ந்தவர்களுக்குப் புதுப் பிரச்சினைகள் வந்தன. கண் பார்வை போனது, சிறுநீரகம் கெட்டது, இதயம் நின்றது. சர்க்கரையைக் கறாராகக் கட்டுப்பாட்டில் வைத்தால் இவற்றைத் தடுக்கலாம் என்று ஜாஸ்லின் நம்பினார். இன்னொரு தரப்பு டாக்டர்கள் ஒத்துக்கொள்ளவில்லை. உடம்பு மெலியாமல், மயக்கம் வராமல் இருந்தால் போதும், பிடித்ததைச் சாப்பிடட்டும், பிள்ளைகளைத் தராசோடு கட்டிப்போட வேண்டாம் என்றார்கள். இரண்டு பக்கமும் உறுதியான ஆதாரம் கையில் இல்லாமலேயே பல ஆண்டுகள் இந்தச் சண்டை நடந்தது.

1940-களின் கடைசியில் ஜாஸ்லின் ஒரு மெடல் கொடுக்க ஆரம்பித்தார். 25 வருஷம் சர்க்கரை நோயோடு வாழ்ந்தும் கண்ணிலோ ரத்தக்குழாயிலோ பாதிப்பு இல்லாதவர்களுக்கு அது கிடைக்கும். வாங்கியவர்களுக்குப் பெருமை. வாங்காதவர்களுக்கு?

சிக்கல் அங்கேதான். அவர் மதப்பற்றும் ஒழுக்கமும் கொண்ட மனிதர். தானே ஒல்லியாக, கட்டுப்பாடாக வாழ்ந்தவர். நோயாளியின் ஒழுக்கம்தான் முடிவைத் தீர்மானிக்கிறது என்ற தொனி அவருடைய எழுத்தில் அடிக்கடி வரும். சொன்னபடி நடந்தால் நல்ல நோயாளி, நடக்காவிட்டால் கெட்ட நோயாளி. ஆனால் உடம்பு அவ்வளவு நியாயமாக நடந்துகொள்வதில்லை. எல்லாவற்றையும் ஒழுங்காகச் செய்தும் கண் பார்வை இழந்தவர்கள் இருந்தார்கள். பரம்பரை, வறுமை, அன்றைய மருந்தின் போதாமை என்று எத்தனையோ காரணங்கள். அவர்களுக்கு நோயோடு சேர்த்துப் பழியும் வந்து சேர்ந்தது.

இந்தத் தொனி இன்னும் போகவில்லை. கல்யாண வீட்டில் ஒரு லட்டு எடுத்தால் நாலு பேர் முறைப்பது, ரிப்போர்ட் எண் ஏறினால் டாக்டரிடம் பொய் சொல்லத் தோன்றுவது, டெஸ்டுக்கு முந்தைய மூன்று நாள் மட்டும் பத்தியம் இருப்பது. இதெல்லாம் அந்த நல்ல நோயாளி, கெட்ட நோயாளி கணக்கின் மிச்சம்தான்.

அவர் இறந்த பிறகு வந்த தீர்ப்பு

ஜாஸ்லின் தள்ளாத வயதிலும் நோயாளிகளைப் பார்த்தார். 1962 ஜனவரி 28-ல் இறந்தபோது வயது 92. அவர் தொடங்கிய கிளினிக் இன்றும் பாஸ்டனில் அவர் பெயரில் இருக்கிறது.

சண்டைக்குத் தீர்ப்பு வர இன்னும் 30 வருஷம் ஆனது. 1993-ல் வெளியான ஓர் அமெரிக்க-கனடிய ஆய்வு, டைப் 1 நோயாளிகள் சர்க்கரையைக் கறாராகக் கட்டுப்படுத்தினால் கண், சிறுநீரகம், நரம்பு பாதிப்பு வெகுவாகக் குறையும் என்று நிரூபித்தது. 1998-ல் பிரிட்டனில் நடந்த ஆய்வு டைப் 2-க்கும் அதையே சொன்னது. கட்டுப்பாட்டில் இருந்தவர்களுக்குச் சின்ன ரத்தக்குழாய் பாதிப்புகள் 25 சதவீதம் குறைந்தன. அடிப்படை வாதத்தில் ஜாஸ்லின் ஜெயித்தார். ஆனால் அந்த ஆய்வுகளே இன்னொன்றையும் காட்டின. கறாராக இருந்தால் சர்க்கரை திடீரென்று இறங்கும் ஆபத்தும் கூடுகிறது. அதனால் இன்றைய டாக்டர்கள் எல்லோருக்கும் ஒரே இலக்கு வைப்பதில்லை. 30 வயது ஐடி ஊழியருக்கு ஓர் எண், தனியாக வாழும் 80 வயதுப் பாட்டிக்கு வேறு எண்.

சரி, வகுப்புக்குப் போனால் சுகர் குறையுமா?

பிரிட்டனில் புதிதாக டைப் 2 வந்தவர்களுக்கான டெஸ்மண்ட் என்ற வகுப்பை 2008-ல் வெளியான ஓர் ஆய்வு அலசியது. மொத்தம் ஆறு மணி நேரப் பாடம், சின்னக் குழு. 824 பேர் ஆய்வில் கலந்துகொண்டார்கள். வகுப்புக்குப் போனவர்கள், போகாதவர்கள் என்று ஒரு வருஷம் கழித்துப் பார்த்தால் எச்பிஏ1சி எண்ணில் பெரிய வித்தியாசம் இல்லை. இரு தரப்புக்கும் குறைந்திருந்தது. ஆனால் போனவர்கள் எடையை அதிகம் குறைத்திருந்தார்கள். புகை பிடிப்பதை விட்டவர்கள் அதிகம். மனச்சோர்வு குறைவு. முக்கியமாக, இது வாழ்நாள் முழுக்க இருக்கும் நோய், இதில் தன் கையில் செய்ய முடிந்தது நிறைய இருக்கிறது என்ற புரிதல் கூடியிருந்தது. அந்தப் புரிதல் மூன்று வருஷம் கழித்தும் நின்றது. எடை முதலான மற்ற வித்தியாசங்கள் அந்த அளவுக்கு நிற்கவில்லை.

அதாவது ஆறு மணி நேர வகுப்பு மந்திரம் எதுவும் செய்துவிடாது. ஜாஸ்லினின் நர்ஸுகள் ஒருமுறை சொல்லிவிட்டு நின்றுவிடவில்லை, திரும்பத் திரும்பப் போனார்கள் என்பதை இங்கே ஞாபகப்படுத்திக்கொள்ளலாம். படிப்பும் தொடர்ந்தால்தான் பலன்.

இன்றைய வகுப்புகளில் தொனியும் மாறியிருக்கிறது. இதைச் செய், அதைச் செய்யாதே என்று மேடையிலிருந்து அதட்டுவதில்லை. உங்களுக்குச் சுகர் எதனால் வந்தது என்று நினைக்கிறீர்கள், எதை மாற்ற முடியும், எது கஷ்டம் என்று கேட்கிறார்கள். இலக்கை நோயாளியே தேர்ந்தெடுக்கிறார்.

உங்களுக்கோ உங்கள் அப்பா அம்மாவுக்கோ இப்போதுதான் டைப் 2 என்று தெரியவந்திருந்தால், அடுத்த முறை டாக்டரிடம் போகும்போது சில கேள்விகளை எழுதிக்கொண்டு போங்கள். என் இலக்கு எண் எது, ஏன்? என் தட்டில் சோறு எவ்வளவு இருக்கலாம், பக்கத்தில் என்ன இருக்கணும்? இந்த மாத்திரையால் சர்க்கரை ரொம்ப இறங்குமா, இறங்கினால் என்ன அறிகுறி, உடனே என்ன செய்யணும்? கண், கால், சிறுநீரகம் இவற்றை எப்போது சோதிக்கணும்? இதையெல்லாம் பொறுமையாகச் சொல்லிக்கொடுக்க உங்கள் ஆஸ்பத்திரியில் டயட்டீஷியனோ, சர்க்கரை நோய்க் கல்வியாளரோ, வகுப்போ இருக்கிறதா?

இருந்தால் போங்கள். முடிந்தால் வீட்டில் சமைப்பவரையும் கூட்டிக்கொண்டு போங்கள். ரிப்போர்ட்டில் எண் ஏறியிருந்தால் மறைக்காமல் அதையும் எடுத்துக்கொண்டு போங்கள். 1899-ல் ஜாஸ்லின் தன் அம்மாவின் கணக்கைப் பேரேட்டில் எழுதத் தொடங்கியது, அடுத்து என்ன செய்யலாம் என்று தெரிந்துகொள்ளத்தான்.